எந்த எம்.பி.ஏ.? உருக்காலையில் பிறந்த ஒரு படிப்பு கும்மிடிப்பூண்டி வந்து சேர்ந்த கதை

போன மாசம் வந்த வாய்ஸ் நோட்களில் பாதிக்கு மேல ஒரே கேள்விதான்: "அண்ணா, எந்த எம்.பி.ஏ. பண்ணலாம்?" பெரும்பாலும் நம்ம ஐ.டி. ஜனங்கதான். ஒரு தம்பி மட்டும் கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இருந்து பேசியிருந்தார். பாலிடெக்னிக் முடிச்சு, லேட்டரல் என்ட்ரில பி.இ. பண்ணி, இப்ப கம்பி உருட்டுற ஆலையில ஷிப்ட் இன்ஜினியர். நாலு வருஷ அனுபவம். வேலையை விட்டுட்டு ரெண்டு வருஷம் முழுநேரம் படிக்கலாமா, சாயங்கால காலேஜா, கரஸ்ஸா, இல்ல ஐ.ஐ.எம். பேர் போட்ட ஆன்லைன் கோர்ஸா? வீட்டுக் கடன் அவர் சம்பளத்துலதான் ஓடுது. தப்பான கோர்ஸ் எடுத்தா பணமும் போகும், வருஷமும் போகும்.

நான் எம்.பி.ஏ. படிச்சவன் இல்ல. அதனால இந்த எபிசோடுல ரேங்க் லிஸ்ட் எதிர்பார்க்காதீங்க. ஆனா கோட் எழுதுறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழைய புரோகிராம்ல ஒரு விநோதமான வரியைப் பார்த்தா உடனே அழிக்க மாட்டோம், இதை யார், எதுக்காக, எப்ப எழுதினாங்கன்னு தோண்டுவோம். எம்.பி.ஏ., பி.ஜி.டி.எம்., பி.ஜி.பி., எம்.எஸ்.டபிள்யூ., எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ., பார்ட் டைம், கரஸ்... ஒரே படிப்புக்கு இத்தனை பேர் இருக்கிறதுக்குப் பின்னாடியும் அப்படி ஒரு பழைய கதை இருக்கு. அந்தக் கதை தெரிஞ்சா தேர்வு செய்யறது பாதி சுலபம்.

கம்பி ஆலையில வேலை பார்க்கிற தம்பி கேட்டதால, உருக்காலையில இருந்தே ஆரம்பிக்கலாம். சும்மா பொருத்தத்துக்குச் சொல்லல. மேலாண்மைப் படிப்பு உண்மையிலேயே உருக்காலைப் புகைக்குள்ள இருந்துதான் வந்தது.

1881ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வணிகத்துக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கப் பணம் கொடுத்தவர் ஜோசப் வார்ட்டன். நிக்கல், இரும்பு வியாபாரத்தில் சம்பாதிச்சவர், பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தின் பெரிய பங்குதாரர். இன்னைக்கு உலகம் முழுக்கத் தெரிஞ்ச வார்ட்டன் ஸ்கூல் அதுதான். அதே பெத்லஹேம் ஆலைக்கு 1898ல் ஒரு இன்ஜினியர் வந்து சேர்ந்தார். பேர் ஃபிரெடரிக் டெய்லர். கையில ஸ்டாப்வாட்ச். ஒரு தொழிலாளி ஒரு நாளைக்கு 12.5 டன் இரும்புக் கட்டிகளை ரயில் பெட்டியில ஏத்திக்கிட்டிருந்தார், தன்னோட முறையில அதை 47.5 டன் ஆக்கிக் காட்டினேன்னு டெய்லர் பின்னாடி எழுதினார். அந்தக் கதையில மிகை நிறைய இருக்குன்னு அப்புறம் வந்த ஆய்வாளர்கள் காட்டிட்டாங்க. ஆனா கதை ஓடிருச்சு. இன்னைக்கு உங்க லைன்ல ஒருத்தர் நோட்பேடோட நின்னு சைக்கிள் டைம் எழுதிட்டு இருந்தார்னா, அவர் டெய்லரோட கொள்ளுப்பேரன்.

பட்டம் முடிச்சவங்களுக்கான முதல் வணிகப் பள்ளி 1900ல் டார்ட்மவுத் கல்லூரியில் வந்த டக் ஸ்கூல். எம்.பி.ஏ. என்ற பேரோட பட்டம் கொடுக்க ஆரம்பிச்சது ஹார்வர்டு, 1908ல். முதல் வகுப்பில் முறையான மாணவர்கள் 33 பேர், சிறப்பு மாணவர்கள்னு இன்னும் 47 பேர். அங்க டெய்லரையே கூப்பிட்டுப் பேச வெச்சாங்க. அதாவது, ஷாப் ஃப்ளோர்ல ஒருத்தர் கண்டுபிடிச்சதை வகுப்பறையில வெச்சு மேலாளர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறதுதான் இந்தப் படிப்போட ஆதி வடிவம். ஃபைனான்ஸ், கன்சல்டிங் எல்லாம் பின்னாடி ஏறினது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். சென்னையில் 1886லேயே பச்சையப்பன் அறக்கட்டளையினர் ஒரு வணிகப் பள்ளி தொடங்கினாங்க. இந்தியாவின் முதல் வணிகப் பள்ளின்னு அதைத்தான் சொல்றாங்க. ஆனா அந்தக் காலத்துல வணிகக் கல்வின்னா கணக்கு எழுதவும் கடிதம் எழுதவும் ஆள் தயார் பண்றது. பாரி, பின்னி மாதிரி கம்பெனிகள்ல மேல உட்கார்ந்து முடிவெடுக்கிறவங்க கப்பல்ல வந்தாங்க. அவங்களுக்கு நம்ம ஊர்ல பட்டம் தேவைப்படல.

மேனேஜருக்கு முன்னாடி இங்க தலைதூக்கினது தொழிலாளிதான். 1918ல் பெரம்பூர் பின்னி ஆலைகளைச் சுத்தி மெட்ராஸ் லேபர் யூனியன் உருவாச்சு. முறையான தொழிற்சங்கம்னு இந்தியாவில எடுத்துக்காட்டுறது அதைத்தான். ஆலைக்குள்ள ஆயிரக்கணக்கான மனுஷங்க இருக்காங்க, அவங்ககூட எப்படி நடந்துக்கணும்னு யாராவது படிச்சிருக்கணும் என்ற எண்ணம் அங்க இருந்துதான் மெல்ல மெல்ல வளருது. விடுதலைக்கு அப்புறம் அது சட்டமாவே ஆச்சு. 1948ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், 49ம் பிரிவு: 500 தொழிலாளிகளோ அதுக்கு மேலயோ இருக்கிற தொழிற்சாலையில் நல அலுவலர், அதாவது வெல்ஃபேர் ஆபீசர், கட்டாயம் இருக்கணும்.

இந்த ஒரு பிரிவு எத்தனை படிப்புகளுக்குக் காரணமாச்சுன்னு பாருங்க. 1949ல் டாடாவோட உருக்கு நகரமான ஜாம்ஷெட்பூரில் இயேசு சபைப் பாதிரியார்கள் ஒரு நிறுவனம் தொடங்கினாங்க: சேவியர் தொழிலாளர் உறவுகள் நிறுவனம். நீங்க எக்ஸ்.எல்.ஆர்.ஐ.ன்னு சொல்றீங்களே, அதுதான். அதுல இருக்கிற 'எல்' லேபர், 'ஆர்' ரிலேஷன்ஸ். இன்னைக்கு எச்.ஆர். படிப்புன்னாலே அந்தப் பேர் முதல்ல வர்றதுக்குக் காரணம் அந்த ரெண்டு எழுத்துல இருக்கு. 1953ல் கல்கத்தாவில் இன்னொண்ணு தொடங்குது, அதோட பேர் இந்திய சமூக நலம் மற்றும் வணிக மேலாண்மை நிறுவனம். சமூக நலமும் வணிகமும் ஒரே போர்டுல! இப்ப பார்த்தா விநோதமா இருக்கும், அன்னைக்கு அது ரொம்ப இயல்பு. நம்ம சென்னையில் 1952ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கின மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க்கும் இந்தக் காலத்துதான். 1973ல் தமிழக அரசு தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தை ஆரம்பிச்சு, தொழிலாளர் மேலாண்மையில் பட்டப்படிப்பும் முதுகலையும் நடத்துது.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும், ஏன்னா யூடியூப்ல யாரும் இதைச் சொல்றதில்ல. கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை மாதிரி இடத்துல எச்.ஆர். வேலைன்னு வந்தா அதுல ரெண்டு கிளை இருக்கு. ஒண்ணு ஆபீஸ் எச்.ஆர்., ஆள் எடுக்கிறது, சம்பளம், அப்ரைசல். இன்னொண்ணு நான் சொன்ன சட்டப்படியான நல அலுவலர் பதவி. அந்தப் பதவிக்கு என்ன படிச்சிருக்கணும்னு மாநில அரசோட விதி சொல்லுது, அதுல அங்கீகரிச்ச படிப்புகளுக்குன்னு பட்டியல் இருக்கு. எம்.பி.ஏ. எச்.ஆர். முடிச்சிட்டோம், தானா தகுதி வந்துரும்னு நினைக்கக் கூடாது. பெரிய ஃபீஸ் கட்டி வாங்கின எம்.பி.ஏ.வைவிட, அரசு நிறுவனத்துல குறைஞ்ச செலவுல படிச்ச தொழிலாளர் மேலாண்மைப் பட்டமோ, சமூகப் பணி முதுகலையோ அந்த நாற்காலிக்குப் பொருத்தமா இருக்கலாம். 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றின பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த 500ஐ 250ன்னு குறைச்சிருக்கு. அப்ப நல அலுவலர் தேவைப்படுற ஆலைகளும் கூடும்தானே? தொழிலாளர் சட்டத்துல உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தா, இந்தப் பாதையை எம்.பி.ஏ.வுக்கு முன்னாடி பாருங்க.

இப்ப பெரிய கேள்வி. டிகிரியா, டிப்ளமாவா?

இந்தியாவில் முழுநேர எம்.பி.ஏ.வை முதல்ல கொண்டுவந்தது எந்த ஐ.ஐ.எம்.மும் இல்ல. 1957ல் நம்ம பக்கத்து வீடு, விசாகப்பட்டினம் ஆந்திரப் பல்கலைக்கழகம். அது பல்கலைக்கழகம், அதனால எம்.பி.ஏ.ன்னு பட்டம் கொடுத்தது. அடுத்து வந்த கதை வேற. 1959ல் ஃபோர்டு அறக்கட்டளை அழைப்பில் கலிஃபோர்னியாவில் இருந்து ஜார்ஜ் ராபின்ஸ் என்ற பேராசிரியர் இந்தியா வந்து, இங்க மேலாண்மைக்குத் தனி நிறுவனம் வேணும்னு அறிக்கை கொடுத்தார். 1961ல் ரெண்டு ஐ.ஐ.எம். வந்தது. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. துணை. அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை, கூடவே விக்ரம் சாராபாய், கஸ்தூர்பாய் லால்பாய் மாதிரி ஊர்ப் பெரியவங்க.

இவை பல்கலைக்கழகங்கள் இல்ல. சங்கப் பதிவுச் சட்டத்துல பதிவு பண்ணின சொசைட்டிகள். 1956 யு.ஜி.சி. சட்டம் என்ன சொல்லுதுன்னா, பட்டம் கொடுக்கிற உரிமை பல்கலைக்கழகங்களுக்கும், நாடாளுமன்றச் சட்டத்தால அந்த அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும்தான். அதனால ஐ.ஐ.எம்.கள் முதுகலை டிப்ளமாதான் கொடுக்க முடிஞ்சது. தெரு முனைக் காலேஜ் டிகிரி கொடுத்துச்சு, நாட்டோட உச்சப் பள்ளி டிப்ளமா கொடுத்துச்சு! இது தரத்தைப் பத்தின விஷயமே இல்ல, காகிதத்தைப் பத்தினது. 2017ல் ஐ.ஐ.எம். சட்டம் வந்து, 2018 ஜனவரி 31ல் அமலானதுக்கு அப்புறம்தான் அவங்க எம்.பி.ஏ. பட்டம் கொடுக்க ஆரம்பிச்சாங்க. எக்ஸ்.எல்.ஆர்.ஐ. மாதிரி தன்னாட்சி நிறுவனங்கள் அதுக்கு அப்புறமும் பி.ஜி.டி.எம்.தான் கொடுக்குது.

அதனால "பி.ஜி.டி.எம். செல்லாதுண்ணா"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கம்பெனி வேலைக்கு அது தடையே இல்ல. பிஎச்.டி.யோ அரசுப் பணியோ மனசுல இருந்தா மட்டும், ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதை எம்.பி.ஏ.வுக்கு நிகர்னு ஏத்துக்கிட்டிருக்கான்னு ரெண்டையும் பாருங்க. அதே நேரம், சில மாச ஆன்லைன் கோர்ஸ் முடிச்சு ஐ.ஐ.எம். லோகோ போட்ட சான்றிதழ் வாங்கினா, அது எம்.பி.ஏ. கிடையாது. கத்துக்க நல்ல விஷயம் அதுல இருக்கலாம். ஆனா நாளைக்கு ஒரு விண்ணப்பத்துல முதுகலைப் பட்டம்னு இருக்கிற கட்டத்தை அதை வெச்சு நிரப்ப முடியாது. விளம்பரத்துல இந்த வித்தியாசம் எப்பவும் சின்ன எழுத்துலதான் இருக்கும்.

அகமதாபாத்தோட முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய் 1965ல் பொறுப்பேத்தப்ப அவருக்கு 38 வயசு. கையில எம்.பி.ஏ.வும் இல்ல, முனைவர் பட்டமும் இல்ல. இது சும்மா ஒரு தகவல், வீட்டுல சண்டை போடறப்ப பயன்படும்.

அந்த முதல் பேட்ச் மாணவர்கள்ல ஒருத்தர்தான் நம்ம தம்பிக்கு நான் சொல்ல நினைக்கிற ஆள். சி.கே. பிரகலாத். 1941ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். லயோலாவில் இயற்பியல் முடிச்சதும், 19 வயசுல சென்னையில் இருந்த யூனியன் கார்பைடு பேட்டரி ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். நாலு வருஷம் அங்க. அப்புறம் 1964ல் அகமதாபாத்தின் முதல் பேட்ச். பிறகு ஹார்வர்டில் முனைவர் பட்டம், மிச்சிகனில் பேராசிரியர். 1990ல் கேரி ஹேமலோட சேர்ந்து எழுதின கட்டுரையில கோர் காம்பிடன்ஸ்னு ஒரு சொல்லைப் போட்டார், இன்னைக்கு நம்ம ஆபீஸ் டவுன்ஹால்ல மேனேஜர் அதைச் சொல்லாம இருக்க மாட்டார். தன் வாழ்க்கையின் பெரிய திருப்பம்னு அவர் சொன்னது ஹார்வர்டை இல்ல, அந்த யூனியன் கார்பைடு நாட்களைத்தான். அப்ப தம்பியோட நாலு வருஷ ஷாப் ஃப்ளோர் அனுபவம் வீண் இல்ல, அதுதான் கையில இருக்கிற முதல். அதை மதிக்கிற வகுப்பறையாப் பார்க்கணும். முழுக்க முழுக்க அனுபவமே இல்லாத பசங்க உட்கார்ந்திருக்கிற வகுப்புல அவருக்குக் கிடைக்கிறது குறைச்சலா இருக்கும்.

ஆனா 1964 வேற, இப்ப வேற. இன்னைக்கு அகமதாபாத் ரெண்டு வருஷப் படிப்புக்குக் கட்டணம் மட்டுமே 25 லட்சத்தைத் தாண்டிருச்சு. அங்க இடம் கிடைச்சா கடன் வாங்கிப் போகலாம்னுதான் நான் சொல்வேன். அதே அளவு கடன் வாங்கி, பேர் தெரியாத ஒரு தனியார் வணிகப் பள்ளிக்குப் போறதுக்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியல. அதைவிட டான்செட் எழுதி, அண்ணா பல்கலைக்கழகத்திலோ அரசு, அரசு உதவி பெறும் கல்லூரியிலோ கிடைக்குமான்னு பார்க்கலாம். கட்டணம் பல மடங்கு குறைச்சல்.

திருவள்ளூர் பக்கத்துக்கு இந்தப் படிப்பு எப்படி வந்தது? தொழிற்சாலைதான் முதல்ல வந்தது. எண்ணூரில் 1948ல் தொடங்கின அசோக் மோட்டார்ஸ் 1955ல் அசோக் லேலண்ட் ஆச்சு. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப். ஆவடி கனரக வாகன ஆலையில் இருந்து 1965ல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. எண்ணூரும் அம்பத்தூரும் 2018 வரைக்கும் திருவள்ளூர் மாவட்டம்தான், அப்புறம்தான் சென்னை மாவட்டத்தோட சேர்ந்தது. இந்த ஆலைகள்ல ஃபோர்மேன்ல இருந்து மேல ஏறினவங்க நிறைய பேர். பட்டம் இல்லாம மேல போன கடைசித் தலைமுறை அதுதான்னு தோணுது. 1984க்கு அப்புறம் தமிழ்நாட்டுல சுயநிதி பொறியியல் கல்லூரிகள் வந்தது, 1991க்கு அப்புறம் புதுக் கம்பெனிகள் வந்தது. ஒவ்வொரு இன்ஜினியரிங் காலேஜ்லயும் ஒரு எம்.பி.ஏ. டிபார்ட்மென்ட் முளைச்சது. பி.இ. பெருகினதும், மேனேஜர் பதவிக்கு வடிகட்ட இன்னொரு சல்லடை தேவைப்பட்டது. எம்.பி.ஏ. அந்தச் சல்லடை ஆச்சு.

அதுவும் எல்லா ஆலையிலும் இல்ல. குடும்பம் நடத்துற கம்பெனின்னா, மேல உட்காரப் போறவர் முதலாளி மகன்தான்னு எல்லாருக்கும் தெரியும். அங்க எம்.பி.ஏ. போட்டா ஒரு இன்க்ரிமென்ட் வரலாம், நாற்காலி வராது. வெளிநாட்டுக் கம்பெனி, பெரிய குழுமம்னா கிரேடு அட்டவணையிலேயே முதுகலைப் பட்டம்னு எழுதியிருப்பாங்க. தம்பி முதல்ல கண்டுபிடிக்க வேண்டியது, தான் வேலை பார்க்க ஆசைப்படுற ஆலை எந்த வகைன்னுதான்.

கும்மிடிப்பூண்டிக்கு வடக்க ஒரு வேடிக்கை இருக்கு. ஏளாவூர், ஆரம்பாக்கம் தாண்டினா தடா, ஆந்திரா. அங்க ஸ்ரீசிட்டி. 1970ல் சென்னையில் தொடங்கின ஐ.எஃப்.எம்.ஆர். என்ற நிதி மேலாண்மை நிறுவனம் நுங்கம்பாக்கத்தை விட்டு அங்க போயிருச்சு. 2018ல் உருவான கிரியா பல்கலைக்கழகத்தோட வணிகப் பள்ளி இப்ப அதுதான். தெற்க, மாமல்லபுரம் பக்கத்துல, புதுக்கோட்டைக்காரரான பாலா பாலச்சந்திரன் 2004ல் தொடங்கின கிரேட் லேக்ஸ் இருக்கு, வேலை அனுபவம் உள்ளவங்களுக்கு ஒரு வருஷப் படிப்புன்னு பேர் வாங்கினது. ரெண்டுமே தனியார், கட்டணத்தைப் பார்த்துட்டு அப்புறம் ஆசைப்படுங்க.

சாயங்கால காலேஜ்? நுங்கம்பாக்கம் லயோலா வளாகத்தில 1979ல் தொடங்கின லிபா, வேலை பார்க்கிறவங்களுக்கு மாலை வகுப்பு நடத்தி நல்ல பேர் எடுத்தது. இப்ப கணக்குப் போடுங்க. கும்மிடிப்பூண்டியில எலக்ட்ரிக் ட்ரெயின் ஏறினா சென்ட்ரலுக்கு ஒன்றரை மணி நேரம் கிட்ட. இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்குக் குறுக்க நடந்து, அடுத்த ட்ரெயின்ல நுங்கம்பாக்கம். வகுப்பு ஆறரைக்குன்னு வெச்சுக்கோங்க. ஏ ஷிப்ட் ரெண்டு மணிக்கு முடியும், போயிடலாம். பி ஷிப்ட் ரெண்டுல இருந்து பத்து, வாய்ப்பே இல்ல. சி ஷிப்ட் ராத்திரி பத்துக்கு, ஒன்பதுக்கு வகுப்பு முடிச்சு திரும்பி வரவே முடியாது. மூணு வாரத்துல ஒரு வாரம்தான் வகுப்பு. மாலைப் படிப்பு ஜெனரல் ஷிப்ட்காரங்களுக்கும் சென்னைக்குள்ள ஆபீஸ் இருக்கிறவங்களுக்கும் அமைஞ்சது. சுழற்சி ஷிப்ட்காரர் அதுல பணம் கட்டுறதுக்கு முன்னாடி நல்லா யோசிக்கணும்.

கரஸ் வந்ததே இந்த மாதிரி ஆட்களுக்காகத்தான். மதுரைப் பல்கலைக்கழகம் 1971ல் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்குச்சு, அண்ணாமலை 1979ல். 1985ல் இக்னோ வந்தது. அது 1987ல் நடத்தின முதல் ரெண்டு படிப்புகள்ல ஒண்ணே மேலாண்மை டிப்ளமாதான். திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொடங்கினதும் நாடு கேட்ட முதல் விஷயம் மேனேஜர் ஆகுற படிப்பு! அதனால கரஸ்னா மட்டம்னு பேசுறவங்க பேச்சை நான் எடுத்துக்க மாட்டேன். முறையா அங்கீகாரம் பெற்ற தொலைதூர, ஆன்லைன் பட்டங்கள் நேரடிப் பட்டத்துக்கு நிகர்னு யு.ஜி.சி. 2022ல் தெளிவாவே சொல்லிருச்சு. அதே 2022லதான், நம்ம மாநிலத்தின் ஒரு பழைய பெரிய பல்கலைக்கழகத்தோட தொலைதூரப் படிப்புகளுக்கு 2014-15க்கு அப்புறம் அங்கீகாரம் இல்லன்னு பொது அறிவிப்பும் போட்டாங்க. அந்த வருஷங்கள்ல ஃபீஸ் கட்டிப் படிச்சவங்களை நினைச்சுப் பாருங்க. அதனால பல்கலைக்கழகத்தோட பேரை மட்டும் பார்க்காம, நீங்க சேரப் போற வருஷத்துல, அந்தக் குறிப்பிட்ட படிப்பு, யு.ஜி.சி. தொலைதூரக் கல்வி வாரியத்தோட பட்டியல்ல இருக்கான்னு பாருங்க. ஸ்டடி சென்டர் அண்ணன் வாட்ஸப்ல அனுப்புற பி.டி.எஃப். கணக்குல சேராது.

தம்பிக்கு என் பதில் இதுதான்: ஒரு வருஷம் கேட் பரீட்சைக்கு ஒழுங்காத் தயாராகுங்க, டான்செட்டும் எழுதுங்க. முதல் வரிசைப் பள்ளியோ அரசுக் கல்லூரியோ கிடைச்சா வேலையை விடலாம். கிடைக்கலைன்னா வேலையை விடாதீங்க, இக்னோ மாதிரி ஒரு அங்கீகாரமுள்ள தொலைதூர எம்.பி.ஏ., ஆபரேஷன்ஸ் பிரிவு. அதுக்கும் முன்னாடி செமஸ்டர் தேர்வு எந்த மாசம் வருதுன்னு பாருங்க. அந்த மாசம் மில்லுல வருடாந்திர ஷட்டவுன் வேலை இருந்தா லீவு கிடைக்காது. தேர்வு நாள்ல உங்க ஷிப்டை மாத்திக்க ஒரு ஆளை இப்பவே பேசி வைங்க.